மதுரைல ஒரு டிகிரி: ஃபீஸ் எவ்ளோ, சீட் எப்படி, முடிச்சா என்ன?

(திரையில்: உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட், காலை ஏழு மணி, மதுரை பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைங்க)

வணக்கம் மக்களே. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயங்காலமே எங்க தெரு மதினி ஒருத்தவங்க போனோட வந்துட்டாங்க, மகளோட மார்க்க காமிச்சு, “தம்பி, பாப்பாவ காமராசர் யுனிவர்சிட்டில பி.எஸ்சி சேக்கணும், எம்புட்டுய்யா ஆகும்?”னு கேட்டாங்க. அவங்க வீட்டுல அதுதான் முத டிகிரி. இந்த ஒத்தக் கேள்விக்குள்ள நாலஞ்சு கேள்வி இருக்கு, அதான் ஒரு வீடியோவாவே போட்டுருவோம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல “யுனிவர்சிட்டில சேர்றது”னா என்னன்னு பாப்போம். 1966ல மதுரைப் பல்கலைக்கழகமா ஆரம்பிச்சு 1978ல காமராசர் பேரு வச்சாங்க, தேனி ரோட்டுல நாகமலை புதுக்கோட்டை தாண்டுனா பல்கலை நகர் வரும். அந்த கேம்பஸ்ல நடக்குறது பெரும்பாலும் எம்.ஏ, எம்.எஸ்சி, பிஎச்.டி தான். பி.ஏ, பி.எஸ்சி, பி.காம் எல்லாம் மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டத்துல இதுக்குக் கீழ இருக்குற காலேஜ்கள்லதான், ஆனா பட்டம் கொடுக்குறது யுனிவர்சிட்டி. தியாகராசர், அமெரிக்கன் காலேஜ், லேடி டோக், கோரிப்பாளையத்துல இருக்குற மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி இதெல்லாம் தன்னாட்சி, அதாவது அட்டானமஸ், சிலபஸ், கொஸ்டின் பேப்பர், திருத்துறது எல்லாம் காலேஜே பாத்துக்கும், அப்பயும் டிகிரி சர்டிஃபிகேட்ல இருக்குற பேரு காமராசர் பல்கலைக்கழகம்தான். அதனால மதினி தேட வேண்டியது யுனிவர்சிட்டிய இல்ல, காலேஜ.

(திரையில்: ஒரே காலேஜ் கேட், பக்கத்துல ரெண்டு ஃபீஸ் ரசீது)

இப்ப காசு. கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல டியூஷன் ஃபீஸே கிடையாது, ஸ்பெஷல் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ்னு எல்லாம் சேத்தாலும் வருஷத்துக்கு சில ஆயிரத்துலயே முடிஞ்சிரும். குழப்பம் எங்க வருதுன்னா எய்டட் காலேஜ்ல, அதாவது கவர்மெண்ட் உதவி வாங்குற தனியார் காலேஜ்ல. ஒரே காம்பவுண்டுக்குள்ள, ஒரே பேருல ரெண்டு காலேஜ் ஓடுதுன்னே வச்சுக்கங்க. ஒண்ணு ரெகுலர், வாத்தியார் சம்பளம் கவர்மெண்ட் கொடுக்கும், அதனால ஃபீஸ் கம்மி. இன்னொண்ணு செல்ஃப் ஃபைனான்ஸ், வாத்தியார் சம்பளம், கரண்டு பில்லு எல்லாமே புள்ளைங்க கட்டுற ஃபீஸ்லதான், அதனால ஃபீஸ் பல மடங்கு போகும். நிறைய பேரு காலேஜ் பேர மட்டும் பாத்துட்டு “எய்டட் காலேஜ்தான”னு நம்பி அட்மிஷன் போட்டுட்டு, ரசீது கைக்கு வந்தப்பறம்தான் செல்ஃப்னு தெரிஞ்சு முழிக்கிறாங்க. அப்ளிகேஷன் வாங்கும்போதே “இந்த கோர்ஸ் ரெகுலரா செல்ஃபா”னு வாய விட்டு கேட்டுருங்க, இதுல கூச்சமே வேணாம்.

இதோட பஸ்ஸையும் கணக்குல சேருங்க. கவர்மெண்ட் காலேஜ் பிள்ளைங்களுக்கு பஸ் பாஸ் இருக்கு, பொம்பளப் பிள்ளைங்களுக்கு சாதா கட்டண டவுன் பஸ் ஃப்ரீ, ஆனா உசிலம்பட்டில இருந்து அவசரத்துக்கு ரூட் பஸ்ல ஏறுனா டிக்கெட் எடுத்துத்தான் ஆகணும். காசு ஒரு பக்கம், நேரம் இன்னொரு பக்கம். ஆரப்பாளையத்துல இறங்கி இன்னொரு பஸ் மாறி காலேஜ் போயி, சாயங்காலம் அதே கூட்டத்துல நசுங்கி வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு ரெக்கார்ட் நோட்ட விரிச்சா தூக்கம் தான் வரும். முதல் செமஸ்டர்லயே அரியர் விழுறதுக்கு இதும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன், நானும் அப்படி போயிட்டு வந்தவன்தான்.

வீட்டுக்குள்ள வர்ற காசும் இருக்கு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ₹1,000, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், அது 2024 ஆகஸ்ட்ல. அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் இது உண்டு. மூணு வருஷத்துக்கு கணக்கு போட்டா ₹36,000, கவர்மெண்ட் காலேஜ்னா ஃபீஸையே தாண்டி கையில நிக்கும். கரஸ்ல, அதாவது தபால் வழில படிச்சா இது வராது. இதுல சிக்கிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அக்கவுண்ட் இருக்கும், ஆனா அதுல ஆதார் இணைச்சிருக்க மாட்டாங்க, கூட படிக்கிறவளுக்கு வரும் நமக்கு வராது, நாலு மாசம் காலேஜுக்கும் பேங்க்குக்கும் நடையா நடப்பாங்க. அட்மிஷனுக்கு முன்னாடியே பாஸ்புக்க எடுத்துட்டு போயி பேங்க்ல ஆதார் சீடிங் ஆயிருக்கான்னு கேட்டுருங்க.

(திரையில்: பிரவுசிங் சென்டர், ஒரு பழைய பிஸ்கட் டப்பா நெறைய சர்டிஃபிகேட்)

சீட்டு எப்படின்னா, கவர்மெண்ட் காலேஜ் அம்புட்டுக்கும் ஒரே ஆன்லைன் அப்ளிகேஷன், டி.என்.காசா. அப்ளிகேஷனுக்கு ₹48, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ₹2, எஸ்.சி, எஸ்.டி பிள்ளைங்களுக்கு அந்த ₹2 மட்டும். எய்டட் காலேஜுக்கு அந்தந்த காலேஜ்ல தனியா போடணும். ரேங்க் லிஸ்ட் போடும்போது பி.ஏ தமிழுக்கு தமிழ் மார்க், பி.ஏ இங்கிலீஷுக்கு இங்கிலீஷ் மார்க், மத்த கோர்ஸுக்கு நாலு பாடம் சேத்து 400க்கு. அதனால மொத்தம் கம்மியா இருந்தாலும் தமிழ்ல நல்ல மார்க் இருந்தா தமிழ் லிஸ்ட்ல மேல நிப்பீங்க. 31 சதவீதம் பொதுப் பிரிவு, மீதி 69 சதவீதம் பி.சி 26.5, பி.சி முஸ்லிம் 3.5, எம்.பி.சி 20, எஸ்.சி 18, எஸ்.டி 1. அந்த எஸ்.சி 18ல 3 அருந்ததியருக்கு. மார்க் நல்லா இருந்தா எந்த சாதி பிள்ளையும் அந்த 31ல வரும், அத யாரும் தடுக்க முடியாது.

சரி, முடிச்சா என்ன கிடைக்கும்? இததான் யாருமே கேக்க மாட்டேங்கறாங்க, எனக்கு ஆதங்கமே இதுலதான். என்.ஐ.ஆர்.எஃப்னு மத்திய அரசு போடுற காலேஜ் ரேங்கிங்குக்கு விண்ணப்பிக்கிற காலேஜ் எல்லாம் தங்களோட விவரத்த வெப்சைட்ல பி.டி.எஃபா போட்டுருக்கும். போன்லயே திறக்கலாம். அதுல ஒரு அட்டவணை, எத்தன பேர் சேந்தாங்க, குறிச்ச காலத்துல எத்தன பேர் முடிச்சாங்க, எத்தன பேருக்கு வேலை, அவங்க நடு சம்பளம் என்ன, மேல படிக்கப் போனது எத்தன பேரு, எல்லாமே வரிசையா இருக்கும்.

(திரையில்: ஒரு நோட்டுல கையால எழுதுன நம்பர்)

சும்மா ஒரு கற்பனைக் கணக்கு. 100 பேர் சேந்தாங்க, 60 பேர் மூணு வருஷத்துல முடிச்சாங்க, 15 பேருக்கு வேலை, நடு சம்பளம் வருஷத்துக்கு ₹2 லட்சம். போஸ்டர்ல அந்த ₹2 லட்சத்த மட்டும்தான் போடுவாங்க. ஆனா அது அந்த 15 பேர வரிசையா நிக்க வச்சு நடுவுல நிக்கிறவரோட சம்பளம், மத்த 85 பேரு அந்தக் கணக்குலயே இல்ல. நான் முதல்ல பாக்குறது அந்த 60ஐத்தான். மூணு வருஷத்துல முடிக்காத 40 பேருக்கு அரியர் ஃபீஸ், இன்னொரு வருஷம், வீட்டுல கல்யாணப் பேச்சு, இதெல்லாம் எந்த ஃபீஸ் ரசீதுலயும் வராத செலவு. ஃபீஸ் ₹5,000 கூடன்னாலும் நேரத்துக்கு முடிக்க வைக்கிற காலேஜ்தான் எனக்கு சல்லிசு.

கேம்பஸ்ல எம்.எஸ்சி பாக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சமீப வருஷங்கள்ல சம்பளம், பென்ஷன் பாக்கின்னு அங்க ஊழியர்கள் போராடுனது பேப்பர்லயே வந்துச்சு. அதுக்காக போகாதீங்கன்னு சொல்லல, பயாலஜி பக்கம் அங்க நடந்த ஆராய்ச்சிக்கு நாடு பூரா பேரு இருக்கு. டிபார்ட்மெண்டுக்கு நேர்ல போயி பெர்மனென்ட் வாத்தியார் எத்தன பேரு, லேப்புல மெஷின் ஓடுதான்னு பாத்துட்டு சேருங்க.

கடைசியா ஒண்ணு, நான் பட்டுத் தெரிஞ்சது. டி.என்.பி.எஸ்.சி எழுதுற ஆளுங்களுக்கு தமிழ் வழில படிச்சதுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு, 2010 சட்டம், 2020 திருத்தத்துக்கு அப்பறம் பள்ளிக்கூடத்துல இருந்து டிகிரி வரைக்கும் தமிழ் மீடியமா இருக்கணும். அதுக்கு பி.எஸ்.டி.எம், அதாவது தமிழ் வழில படிச்சதுக்கான சர்டிஃபிகேட் வேணும். நான் காலேஜ விட்டு வந்து ஆறு வருஷம் கழிச்சு அத கேட்டு போனேன், பழைய ரெஜிஸ்டர் எங்க இருக்குன்னே ஆபீஸ்ல தெரியல, மூணு தடவ அலைஞ்சு கடைசி தேதிக்கு முந்துன நாள்தான் கையெழுத்து கிடைச்சுச்சு. டி.சி வாங்குற அன்னைக்கே இதையும் வாங்கி அந்த பிஸ்கட் டப்பாக்குள்ள போட்டு வைங்க.

மதினி மகளுக்கு மூணு காலேஜ் குறிச்சு கொடுத்திருக்கேன், மூணுமே போய் வர்ற தூரம். நாளைக்கு காலைல ஆதார் விஷயமா பேங்க்குக்கு போறாங்க, பி.டி.எஃப்ப பாப்பாவே திறந்து படிச்சுட்டு “அண்ணே, இதுல முடிச்சவங்க கம்மியா இருக்காங்க”னு ஒரு காலேஜ லிஸ்ட்ல இருந்து அடிச்சிருச்சு.