ஆதார் வந்தும் தட்கல் டிக்கெட் ஏன் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகிறது?

(திரையில்: 10:59:52 காட்டும் கடிகாரம். பக்கத்தில் ஒரு கைப்பேசித் திரை.)

காலை 11 மணி ஆக இன்னும் 8 நொடி. நாளைய பயணத்துக்கான ஸ்லீப்பர் தட்கல் திறக்கும் நேரம் அது. நாளை ராத்திரி சென்னையிலிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ ஸ்லீப்பரில் போயாக வேண்டியவர்கள் எல்லோரும் இந்த நேரத்தில் கைப்பேசியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லாகின் ஆகிவிட்டது. பயணிகளின் பெயர், வயது எல்லாம் முன்கூட்டியே பட்டியலில் ஏற்றியாயிற்று. மணி 11. ரயிலைத் தொட்டதும் கேப்ச்சா வருகிறது. அதில் இருப்பது 'ஓ' எழுத்தா பூஜ்யமா என்று ஒரு நொடி முழிக்க வேண்டும். அடுத்து ஆதார் ஓடிபி, அதற்கடுத்து யுபிஐ. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வங்கியிலிருந்து பணம் போன குறுஞ்செய்தி முதலில் வருகிறது, டிக்கெட் அப்புறம் வருகிறது: வெயிட்டிங் லிஸ்ட் 34.

ஆதார் கட்டாயம் ஆன பிறகும் இதே கதைதானா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதார் பூட்டு தேவைதான், நான் அதற்கு ஆதரவு. ஆனால் அது சரிசெய்தது வரிசையை. பெர்த்தை அது கூட்டவில்லை.

(திரையில்: 2025 ஜூலை 1, 2025 ஜூலை 15, 2025 அக்டோபர் 1)

என்ன மாறியது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2025 ஜூலை 1 முதல், ஐஆர்சிடிசி தளத்திலோ ஆப்பிலோ தட்கல் எடுக்க வேண்டுமானால் கணக்கை ஆதாரோடு சரிபார்த்திருக்க வேண்டும். ஜூலை 15 முதல், பதிவு செய்யும்போதே ஆதார் ஓடிபியும் வேண்டும். ஏசி வகுப்புக்கு 10 மணி முதல் 10:30 வரை, ஏசி அல்லாத வகுப்புக்கு 11 மணி முதல் 11:30 வரை, அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டுகள் உள்ளே வரக்கூடாது. அக்டோபர் 1 முதல் சாதாரண முன்பதிவிலும் முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டும் என்று வைத்தார்கள். பிறகு அந்த நேரத்தையும் படிப்படியாக நீட்டினார்கள்.

இதெல்லாம் எதற்கு? ரயில்வே அமைச்சகம் 2025இல் சொன்ன தகவல் இது: தட்கல் திறந்த முதல் 5 நிமிடத்தில் வரும் லாகின் முயற்சிகளில் பாதி வரைக்கும் மனிதர்கள் செய்வதே இல்லை, மென்பொருள் செய்வது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏழரைக் கோடிக்குச் சற்று மேலே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணை இன்னொரு முறை படியுங்கள்.

அந்தத் தில்லுமுல்லு நடந்த விதம் எளிமையானது. ஏஜென்ட் தன் அதிகாரபூர்வ கணக்கைத் தொடவே மாட்டார். சாதாரண பயணி போலப் பத்து இருபது கணக்குகளைத் திறந்து வைத்திருப்பார். பெயர், வயது, பெர்த் விருப்பம் எல்லாவற்றையும் மென்பொருள் கண் இமைக்கும் நேரத்தில் நிரப்பிவிடும். கேப்ச்சாவையும் அதுவே படித்துவிடும். நீங்கள் 'ஓ'வா பூஜ்யமா என்று யோசித்து முடிப்பதற்குள் அங்கே பணமே கட்டியாகிவிடும். இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் உண்மையான ஒருவருடைய ஆதாரும், அதில் இணைத்த கைப்பேசி எண்ணும் வேண்டும். திருட்டுத்தனத்துக்கு ஆகும் செலவு கூடிவிட்டது. முழுசாக அடைபட்டதா என்றால் இல்லை. ஆதார் இணைத்த கணக்குகளே டெலிகிராம் குழுக்களில் விலைக்குப் போவதாகச் செய்திகள் வந்தன. இருந்தாலும் முன்பு நடந்த பகல்கொள்ளையோடு பார்த்தால் இது பரவாயில்லை.

சரி, திருடர்கள் குறைந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். டிக்கெட் ஏன் இன்னும் பறக்கிறது?

(திரையில்: 31,814)

2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. அதுவரை இருந்ததிலேயே அதிக வேகம் என்று ரயில்வே பெருமையோடு அறிவித்தது. 60ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 530 டிக்கெட். நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான், ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஒரே ஒரு ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தட்கலுக்கு ஸ்லீப்பரில் 100 பெர்த் இருப்பதாக ஒரு கணக்குக்கு வைப்போம். ஒரு தட்கல் டிக்கெட்டில் 4 பேர் வரை போகலாம். ஆக, 25 குடும்பங்கள் நினைத்தால் அந்த 100 பெர்த்தும் காலி. நொடிக்கு 500 டிக்கெட்டுக்கு மேல் ஓடும் இயந்திரத்தில் 25 பதிவு என்பது எவ்வளவு நேரம்? அந்த 25 பேரும் நேர்மையானவர்களாக, சொந்த ஆதாரோடு, சொந்தக் கட்டை விரலால் பதிவு செய்தவர்களாக இருந்தாலும் 26ஆவது ஆளுக்கு மிஞ்சுவது வெயிட்டிங் லிஸ்ட்தான்.

இது நிறையப் பேருக்குப் பிடிக்காத உண்மை. எவனோ கள்ளத்தனம் பண்ணிவிட்டான் என்று நினைத்தால் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. இருபத்தைந்து நல்ல மனிதர்கள் நமக்கு முன்னால் முந்திவிட்டார்கள் என்றால் யாரைத் திட்டுவது?

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிற ஒரு செய்தி. முன்பதிவு அமைப்பையே மாற்றி, நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட் பதிவாகும்படி செய்யப் போவதாக ரயில்வே சொன்னது. இப்போதைய 32,000ஓடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. சர்வர் தொங்காது, பணம் எடுத்துவிட்டு டிக்கெட் தராமல் கழுத்தறுக்காது. அந்த வகையில் நல்லது. ஆனால் அதே 100 பெர்த் ஐந்து மடங்கு வேகத்தில் தீரும் என்பதையும் கூடவே சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அந்த 60 நாள் விதி. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். நான்கு மாதம் முன்னால் எடுப்பவர்களில் நிறையப் பேர் கடைசியில் ரத்து செய்கிறார்கள் என்பது காரணம். 61 முதல் 120 நாள் முன்பு எடுத்த டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் ரத்தானதாகக் கணக்கும் சொன்னார்கள். பொங்கலுக்கு செப்டம்பரிலேயே டிக்கெட் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்களுக்கு இது எரிச்சல்தான். எனக்கென்னவோ இது சரியான முடிவாகவே படுகிறது. நான்கு மாதம் கழித்து லீவு கிடைக்குமா என்று எத்தனை பேருக்கு உறுதியாகத் தெரியும்?

(திரையில்: ஐஆர்சிடிசி பங்கு விலைக் கோடு, 2019 முதல் 2021 வரை)

இப்போது வியாபாரப் பக்கத்துக்கு வருவோம். டிக்கெட் கிடைக்காத ஆத்திரத்தில் எல்லோரும் திட்டுவது ஐஆர்சிடிசியை. பாவம், எந்த ரயிலில் எத்தனை பெட்டி என்பதை அது முடிவு செய்வதில்லை. முன்பதிவு அமைப்பின் உள்ளே இருக்கும் மூளைகூட அதனுடையது இல்லை; அது ரயில்வேயின் கிரிஸ் என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்பு நடத்துவது. ஐஆர்சிடிசி என்பது கடையின் முன்பக்கம். ஆனால் நல்ல லாபம் பார்க்கும் முன்பக்கம்.

ஏசி அல்லாத டிக்கெட்டுக்கு 15 ரூபாய், ஏசிக்கு 30 ரூபாய், யுபிஐயில் கட்டினால் 10, 20, இதன்மேல் ஜிஎஸ்டி. வசதிக் கட்டணம் என்று பெயர். நீங்கள் டிக்கெட்டை ரத்து செய்தாலும் இந்தப் பணம் திரும்பி வராது. சில்லறைக் காசுதான், ஆனால் எத்தனை லட்சம் டிக்கெட்!

இந்தச் சில்லறை எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிய ஒரு சம்பவம் உண்டு. 2019 அக்டோபரில் 320 ரூபாய்க்கு விற்ற ஐஆர்சிடிசி பங்கு, சந்தையில் நுழைந்த முதல் நாளே 644 ரூபாயில் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து, 2021 அக்டோபர் 28 அன்று, வசதிக் கட்டணத்தில் பாதியை எங்களுக்குத் தா என்று ரயில்வே அமைச்சகம் கேட்டது. மறுநாள் காலை பங்கு விலை கால்வாசிக்கு மேல் சரிந்தது. அன்றைக்கே அமைச்சகம் அந்த முடிவைத் திரும்பப் பெற்றுவிட்டது. டிக்கெட் கிடைக்காத கோடிப் பேரின் புலம்பல் வருடக்கணக்கில் செய்யாததை, பங்குச் சந்தை சில மணி நேரத்தில் செய்துவிட்டது. இதில் எனக்கு வருத்தமும் உண்டு, கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ரயிலில் இடம் கிடைக்காதவர் எங்கே போவார்? ஆம்னி பஸ்ஸுக்குத்தான். அரசுப் பேருந்துக்குக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. ஆம்னி பஸ்கள் ஓடுவது ஒப்பந்த ஊர்தி அனுமதியில், அவற்றுக்கு அப்படி அரசுக் கட்டணம் கிடையாது. உரிமையாளர் சங்கங்களே ஒரு பட்டியல் வெளியிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பட்டியலையும் தாண்டிப் போவார்கள், போக்குவரத்துத் துறை எச்சரிக்கை விடும், சில பஸ்களுக்கு அபராதம் போடும், அடுத்த தீபாவளிக்கும் இதே செய்தியைத் தேதி மட்டும் மாற்றிப் போடலாம். ஆம்னி பஸ் முதலாளிகளைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த ஆசைக்குத் தீனி போடுவது 11 மணி 1 நிமிடத்துக்குத் திரையில் வரும் வெயிட்டிங் லிஸ்ட்.

(திரையில்: 530, 1,128, 1,440)

பெர்த்தைக் கூட்டவே முடியாதா? முடியும். சென்னை எழும்பூர் – திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 அன்று 8 பெட்டிகளோடு ஓட ஆரம்பித்தது, 530 இருக்கை. நிரம்பி வழிந்தது. 2025 ஜனவரியில் 16 பெட்டி ஆக்கினார்கள், 1,128 இருக்கை. அதே வருடம் செப்டம்பரில் 20 பெட்டி, 1,440 இருக்கை. அதே தண்டவாளம், அதே ரயில் எண். ஆனால் அது பகலில் உட்கார்ந்து போகும் ரயில். சனிக்கிழமை ஊரில் இருக்க வேண்டும் என்பதற்காக வெள்ளிக்கிழமை வேலை முடித்துவிட்டு ஓடிவருகிறவருக்கு வேண்டியது ராத்திரி படுத்துப் போகும் பெர்த்.

அங்கேதான் இடிக்கிறது. பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர் என்று தெற்கே போகும் ராத்திரி வண்டிகள் ஏற்கெனவே நீளமானவை, இன்னும் பெட்டி சேர்க்கப் பெரிதாக இடமில்லை. புது வண்டி விடலாம் என்றால் தாம்பரம் – செங்கல்பட்டு இடையே இருப்பது 3 பாதை, அதில் புறநகர் மின்சார ரயில்களும் ஓட வேண்டும். இன்னொரு பக்கம், பல வண்டிகளில் ஸ்லீப்பர் பெட்டியை எடுத்துவிட்டு மூன்றடுக்கு ஏசியைச் சேர்க்கிறார்கள். வருமானத்துக்கு அது நல்லது. ஸ்லீப்பர் கட்டணம் மட்டுமே கட்டுப்படியாகிறவருக்குத் தட்கல் வரிசை இன்னும் நீளமாகிறது. இதைப் பற்றி ஆதார் பற்றிப் பேசியதில் பாதியாவது பேசியிருக்க வேண்டும் என்பது என் குறை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஆதாரில் பழைய எண் இருப்பவர்கள், மகன் வாங்கிக் கொடுத்த போனில் பேச மட்டுமே தெரிந்த பெரியவர்கள், இவர்களுக்கு ரயில் நிலையக் கவுன்ட்டர்தான் கதி. 2025 கடைசியிலிருந்து கவுன்ட்டரில் எடுக்கும் தட்கலுக்கும் ஓடிபி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். திருடனைத் தடுக்கப் போட்ட வேலி இவர்கள் காலையும் கீறுகிறது. கவுன்ட்டருக்கு என்று கொஞ்சம் தட்கல் பெர்த்தைத் தனியாக ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

(திரையில்: ஐஆர்சிடிசி ஆப், 'என் கணக்கு' பக்கம்)

கடைசியாக, கைக்கு உதவுகிற சில விஷயங்கள். ஆதார் சரிபார்ப்பைப் பயணத்துக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள், இன்றைக்கே 'என் கணக்கு' பகுதியில் முடித்துவிடுங்கள். பொங்கலுக்கு ஜனவரி 10 அன்று கிளம்புவதாக இருந்தால் உங்களுக்கு முன்பதிவு திறக்கும் நாள் நவம்பர் 11, காலை 8 மணி. தட்கல் எடுக்கும்போது, பெர்த் உறுதியானால் மட்டும் பதிவு செய் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்யுங்கள். தட்கல் வெயிட்டிங் லிஸ்டுக்கு ஆர்ஏசி, அதாவது ஒரு பெர்த்தை இருவர் பகிர்ந்து உட்கார்ந்து போகும் வசதி, கிடையாது. யாருக்கு எந்த பெர்த் என்ற இறுதிப் பட்டியலான சார்ட் போடும்போது பொது வெயிட்டிங் லிஸ்டுக்குத்தான் முன்னுரிமை. அதனால் தட்கலில் 34 என்று வந்தால் அதை நம்பி மூட்டை கட்ட வேண்டாம்.

உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்பது தெரிந்ததுதான்.

சார்ட் விஷயத்தில் மட்டும் ரயில்வேக்கு மனதார நன்றி சொல்லலாம். முன்பு வண்டி கிளம்ப 4 மணி நேரம் இருக்கும்போதுதான் சார்ட் வரும். 2025 ஜூலையில் அதை 8 மணி நேரமாக மாற்றினார்கள், பிறகு இன்னும் முன்னால் தள்ளினார்கள். இரவு 9:40க்குக் கிளம்பும் வண்டியில் உங்கள் டிக்கெட் என்ன ஆயிற்று என்பது மதியச் சாப்பாட்டு வேளைக்குள் தெரிந்துவிடும். இல்லை என்று வந்துவிட்டால், கிளாம்பாக்கத்திலிருந்து போகும் அரசு விரைவுப் பேருந்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு முழு மதியம் கையில் இருக்கிறது.