மறுத்தவர்கள் காத்த நூல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐம்பெருங்காப்பியங்கள் எவை என்று கேட்டால் நம் பள்ளிப் பிள்ளைகள் மடமடவென்று ஒப்பித்துவிடுவார்கள். சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி. இவற்றில் குண்டலகேசி என்ற பௌத்த நூலை இன்று யாராலும் முழுதாகப் படிக்க முடியாது. நாதகுத்தனார் பாடியது என்பார்கள். கிடைத்திருப்பவை 19 பாடல்கள்தான். "பாளையாம் தன்மை செத்தும், பாலனாம் தன்மை செத்தும்" என்று தொடங்கி, குழந்தைப் பருவம் செத்தது, பிள்ளைப் பருவம் செத்தது, இளமை செத்தது, இப்படி நாள்தோறும் செத்துக்கொண்டே இருக்கிறோமே, "நமக்கு நாம் அழாதது என்னோ" என்று கேட்கிற பாட்டு அவற்றில் ஒன்று. அதை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

சரி, நூல் போய்விட்டது. அந்தக் கதை தமிழில் எப்படிச் சொல்லப்பட்டது என்று நமக்குத் தெரிவித்தவர் யார்? ஒரு சமணர். குண்டலகேசிக்கு மறுப்பாகவே எழுந்த நூல் நீலகேசி. அதற்குச் சமயதிவாகரம் என்ற உரையை எழுதியவர் வாமன முனிவர். மரண தண்டனை பெற்ற ஒரு கள்வனைக் காதலித்து, தந்தையின் தயவால் மீட்டு மணந்துகொள்கிறாள் ஒரு வணிகர் மகள். பிறகு அவனே அவளை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லப் பார்க்கிறான். சாகுமுன் உன்னை வலம் வருகிறேன் என்று சொல்லிச் சுற்றி வந்து, அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். அப்புறம் துறவு, சமய வாதம். இவ்வளவையும் வாமன முனிவர் தம் உரையில் எழுதி வைத்தார். எதிர்த்தரப்பு நூலைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கான மறுப்பைப் படிப்பதில் பொருளில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த நினைப்புக்கு நான் மிகவும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இன்றைய என் பேச்சும் அதைப் பற்றியதுதான். ஒரு கருத்தை மறுப்பவர், அதற்கு முன்னால் அந்தக் கருத்தை எப்படி எடுத்துச் சொல்கிறார்?

நீலகேசியின் கதைத்தலைவி முதலில் பழையனூர்ப் பேய். ஒரு சமண முனிவரை மயக்க வந்து, அவரிடம் அறம் கேட்டுத் திருந்தி, ஊர் ஊராகப் போய் வாது செய்கிறாள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், கடைசியில் புத்தர் என்று பௌத்தத்துக்கு மட்டுமே நான்கு சருக்கங்கள். பிறகு ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதம், பூதவாதம். முக்கியமான சண்டை ஒன்று, எல்லாம் கணந்தோறும் அழிகின்றன என்ற பௌத்தக் கொள்கையின் மேல். நேற்றுக் கொலை செய்தவன் நேற்றே அழிந்துவிட்டான் என்றால் இன்று தண்டனை பெறுகிறவன் யார் என்று சமணர் கேட்பார். இரவு முழுதும் எரிகிற விளக்கில் முன்மாலைச் சுடர் வேறு, பின்னிரவுச் சுடர் வேறு. ஆனாலும் எரிவது ஒரே விளக்கு, வினைத்தொடரும் அப்படித்தான் என்பது பௌத்தர்களின் பழைய விடை. சுடர் மாறினாலும் மாறாத ஒன்று இருப்பதால்தானே அதை ஒரே விளக்கு என்கிறாய், ஆகவே பொருள் ஒரு நோக்கில் நிலையானது, இன்னொரு நோக்கில் நிலையாதது என்று சமணர் தம் அநேகாந்தத்துக்குக் கொண்டுபோவார். ஒரே விளக்கை இருவர் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்க்கிறவர்களுக்கு அன்று இரவு தூக்கம் வராது.

நீலகேசி எல்லா இடத்திலும் நியாயமாக நடந்துகொண்டது என்று நான் சொல்லமாட்டேன். புத்தரையே மேடையேற்றித் தோற்கடிப்பது ஆசிரியரின் ஆசை, அவ்வளவுதான். பௌத்தர்கள் ஊன் உண்பதை வைத்துக் குத்துகிற இடங்களும் அங்கே உண்டு. தேவாரத்திலும் இது இருக்கிறது. ஞானசம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் சாக்கியர் எனப்படும் பௌத்தரையும் பழிப்பதாக அமையும். அவர்கள் உடுப்பதையும் உண்பதையும் தலைமயிர் பறிப்பதையும் அதில் கேட்கிறோம். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. பக்திப் பாட்டின் வேலை அதுவல்ல என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சமயத்தைப் பற்றி அதன் எதிரி பாடிய வசையை மட்டும் வைத்துக்கொண்டு நாம் தீர்ப்பு எழுதக்கூடாது.

ஆசீவகர்களை எடுத்துக்கொள்வோம். மற்கலி கோசாலரின் வழி வந்தவர்கள். அவர்களே எழுதிய நூல் ஒன்றுகூட இன்று எந்த மொழியிலும் இல்லை. பாலி நூல்கள் மற்கலியைக் கடுமையாகப் பழிக்கின்றன. சமணரின் பகவதி சூத்திரம் அவரை மகாவீரரிடமிருந்து பிரிந்து கெட்டுப்போன மாணவராகக் காட்டுகிறது. இப்படிப்பட்ட சாட்சிகளை மட்டும் நம்பினால் அந்தச் சமயத்தின் உள்ளே என்ன இருந்தது என்றே விளங்காது. வரலாற்றாசிரியர் ஏ. எல். பாஷம் 1951-இல் ஆசீவகர் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டபோது, அவர்களுடைய கொள்கையை விளக்கத் தமிழுக்கு வரவேண்டியிருந்தது. மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார். முதலாவது பௌத்தம், இரண்டாவது சமணம், மூன்றாவது சைவம். மூன்றும் ஆசீவகத்தை மறுக்கிற நூல்கள்தான்.

மணிமேகலை இதை எப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். 27-ஆவது காதை, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி நகரத்தில் மணிமேகலை தவ முனிவர் வடிவம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சமயவாதியாகப் போய் உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். ஆசீவகர் முறை வருகிறது. நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்கள்; அவை புதிதாகப் பிறப்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுவதுமில்லை, சேர்ந்து மலையாகவும் பிரிந்து துகளாகவும் ஆகும். பிறப்புகளுக்கு நிறம் உண்டு: கருமை, கருநீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை. படிப்படியாக ஏறிக் கழிவெண் பிறப்பை அடைந்தவர் வீடு பெறுவர். பெறுவதும் இழப்பதும் இன்பமும் துன்பமும் எல்லாம் கருவில் சேரும்போதே சேர்ந்துவிடுகின்றன. "முன்உள ஊழே பின்னும் உறுவிப்பது", இதுவே மற்கலி நூலின் வகை என்று அவர் முடிக்கிறார். நூலாசிரியர் சாத்தனாரோ பௌத்தர். அவர் தம் தீர்ப்பாகச் சொல்வது "சொல்தடுமாற்றத் தொடர்ச்சி" என்ற ஒரு தொடர் மட்டுமே. விளக்கத்துக்குப் பல அடிகள், கண்டனத்துக்கு ஒரே அடி. இந்த விகிதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. வைணவவாதிக்கு அதே காதையில் இரண்டு அடிதான்: கடல்வண்ணன் புராணத்தைக் காதலோடு ஓதி, நாரணன் காப்பு என்றான், முடிந்தது. வைணவ நேயர்கள் வருந்துவதில் நியாயம் இருக்கிறது. பூதவாதிக்கோ நல்ல இடம். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் கூட்டி ஊறவைத்தால் கள்ளில் களிப்பு பிறப்பதுபோல், நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும். கண்கூடாகக் காண்பதைத் தவிர வேறு அளவை, அதாவது அறியும் வழி, செல்லாது. மறுமை பொய் என்கிறான் அவன். என் முற்பிறப்பு எனக்குத் தெரியும் என்கிறாள் மணிமேகலை. தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கும் என்று அவன் தட்டிவிடுகிறான். உடனே அவள் கேட்கிறாள்: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? அவன் கண்கூட்டை மட்டும் நம்புகிறவன். ஆகவே அவன் நம்பிக்கைக்குள்ளேயே நின்று கேட்கிறாள். புத்தர் சொன்னார், ஆகவே ஒப்புக்கொள் என்று அவள் சொல்லவில்லை.

இது தற்செயலாக அமைந்த கேள்வி இல்லை. 29-ஆவது காதையில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கும்போது இதை விதியாகவே சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல் என்று பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) ஆகியவற்றை முதலில் காட்டுகிறார். பிறகு பிழையான வாதங்களை வகைப்படுத்துகிறார். பக்கப் போலி மட்டும் ஒன்பது. அவற்றில் ஒன்று அப்பிரசித்த விசேடணம். பௌத்தன் சாங்கியனைப் பார்த்து ஒலி அழியக்கூடியது என்றால் அது பிழை, ஏனென்றால் எதுவும் அடியோடு அழிவதில்லை என்பது சாங்கியன் கொள்கை. அழிவு என்ற கருத்தே அவனுக்கு உடன்பாடில்லாதபோது அதை வைத்து அவனிடம் எதையும் நிறுவ முடியாது. இங்கே பிழை செய்கிறவன் பௌத்தன் என்பதைக் கவனியுங்கள். பௌத்த நூல், பௌத்த ஆசிரியர், பௌத்த மாணவி. தம் பக்கத்து ஆளே தவறிழைப்பதாகக் காட்டித்தான் அவளுக்குப் பாடம் நடக்கிறது.

காப்பியத்தின் தொடக்கத்தில் புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் சொல்லும் அறிவிப்பிலும் இந்த ஒழுங்கு இருக்கிறது: "ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்." பகைவர்களோடு ஆயினும் "செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்." விழாக்கால ஏற்பாடுகளோடு ஏற்பாடாக இதையும் சொல்லிவிட்டுப் போகிறான்.

உரையாசிரியர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. "மலர்மிசை ஏகினான்" என்ற குறளை, தாமரை மேல் நடந்த அருகன் என்று சமணர் கொள்வர். பரிமேலழகர் அதை நினைப்பவர் நெஞ்சத் தாமரையில் விரைந்து சேரும் கடவுள் என்று விளக்கினார். விளக்கிவிட்டு நிறுத்தவில்லை. பூமேல் நடந்தான் என்ற பெயரைக்கொண்டு இதை வேறொரு கடவுளுக்கு ஏற்றிச் சொல்வாரும் உளர் என்று ஒரு வாக்கியமும் சேர்த்தார். தாம் ஏற்காத பொருளை மறைக்காமல் தம் உரையிலேயே பதிந்து வைத்த வாக்கியம் அது.

இந்த முறையின் பெரிய ஆள் என்று நான் கருதுவது 13-ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியாரை. சிவஞான சித்தியாரில் தம் சைவக் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு தனிப் பகுதியே எழுதினார். கண்கூட்டை மட்டும் நம்பும் உலோகாயதன் முதல் வைணவனான பாஞ்சராத்திரி வரை 14 தரப்புகள். பௌத்தர் என்று பொதுவாகச் சொல்லி ஒதுக்காமல் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்று நான்காகப் பிரித்து நால்வரிடமும் தனித்தனியே பேசுகிறார். ஒவ்வொன்றிலும் முதலில் அவர்களுடைய மதம், பிறகு அதற்கு மறுதலை. இன்று சித்தாந்த வகுப்புகளில் சுபக்கத்தைப் படிக்கிறவர்கள் மிகுதி, பரபக்கத்தைத் தொடுகிறவர்கள் குறைவு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான செய்தி. அருணந்தியார் கட்டிய வீட்டில் முன்வாசலை அடைத்துவிட்டுப் பின்பக்கமாக நுழைகிறோம்.

நம் காலத்துக்கு அருகே இதைச் செய்து காட்டியவர் உ. வே. சாமிநாதையர். சைவ மடமான திருவாவடுதுறையில் படித்தவர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கக் குடந்தையில் சமணர் வீடுகளுக்குப் போய் அவர்களிடமே பொருள் கேட்டார். அந்தப் பதிப்பு 1887-இல் வந்தது. மணிமேகலையில் பௌத்தச் செய்திகள் விளங்காமல் தவித்தபோது கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் உதவினார். 1898-இல் மணிமேகலை வெளிவந்தபோது, படிப்பவர்களுக்குப் பயன்படும் என்று புத்த சரித்திரத்தையும் பௌத்த தருமத்தையும் பௌத்த சங்கத்தையும் பற்றித் தாமே எழுதிச் சேர்த்தார். தமிழ்நாட்டில் பௌத்தர் அரிதாகிப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகு நடந்த வேலை இது.

நேயர்களில் யாராவது பரபக்கத்தைப் படித்துப் பார்க்க நினைத்தால் உலோகாயதன் பகுதியில் தொடங்குங்கள், அதுதான் எளிது. மறுதலைப் பகுதிக்கு அவசரப்பட்டுப் போகவேண்டாம். உலோகாயதன் சொல்வதை மட்டும் ஒரு வாரம் வைத்துக்கொண்டு, அதற்கு உங்களால் என்ன விடை சொல்ல முடிகிறது என்று பாருங்கள். அதன் பிறகு அருணந்தியாரிடம் போங்கள்.

வணக்கம்.