ஏழு தும்மல்களும் ஒரு துவாலையும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

நகைச்சுவை கலந்த துப்பறியும் நாவல் என்றாலே, பயணத்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே போட்டுவிட்டு இறங்கிவிடத் தக்க சரக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. நான் பல ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தவன். சலிப்பூட்டும் கட்டுரைகளில் என் கண்ணை ஏமாற்றிவிட்டுப் போன பிழைகள் மிகக் குறைவு. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படித்த பக்கங்களில்தான் ஒற்று விடுபட்டதும் கொம்பு மாறியதும் தெரியாமலேயே அச்சேறின. சிரிக்கிற நேரத்தில் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. இந்த வகை நாவல்களை எழுதுபவர்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும் என்பதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். தடயத்தை அவர்கள் வைக்கிற இடமே நாம் சிரிக்கிற இடம்தான்.

1929ஆம் ஆண்டு ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கப் பாதிரியாராகவும் துப்பறியும் நாவலாசிரியராகவும் இருந்தவர், இந்தக் கதைகளுக்கென்று பத்துக் கட்டளைகளை வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் எதுவானாலும் அதை அப்போதே வாசகர் முன்பும் வைத்துவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. காட்டவும் வேண்டும், வாசகர் அதைக் கவனித்துவிடவும் கூடாது என்றால் எழுதுபவர் என்ன செய்வார்? ஓர் அறையில் கிடக்கும் பத்துச் சாமான்களை வரிசையாகச் சொல்லி, பதினொன்றாவதாக அதையும் சொல்லிவிட்டுப் போவது பழைய வழி. நகைச்சுவை கைவந்தவருக்கு அத்தனை பாடு தேவையில்லை.

எடுத்துக்காட்டாக, நானே புனைந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். நம் கதாநாயகி ஐம்பதைக் கடந்த ஒரு தையல்காரர். அவருடைய வாடிக்கையாளரான ஒரு பெண்மணி இறந்துபோகிறார். இறந்தவரின் அறை அன்றைக்கே பூட்டப்பட்டுவிட்டது என்றும், சாவி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை என்றும் தம்பி எல்லாரிடமும் சொல்லிவருகிறார். தைத்து முடித்த ரவிக்கைகளை ஒப்படைக்கும் சாக்கில் தையல்காரர் அந்த வீட்டுக்குப் போகிறார். உட்கார்ந்ததும் வீட்டுப் பூனை அவர் மடியில் ஏறிக்கொள்கிறது. பூனை முடி அவருக்கு ஆகாது. ஒரு தும்மல், இரண்டாவது தும்மலில் பூனை மிரண்டு துள்ளிச் சன்னல் வழியாக ஓடிவிடுகிறது. தும்மலோ நிற்பதாக இல்லை. மூன்று, நான்கு என்று வளர்ந்து ஏழாவது தும்மலில் கையிலிருந்த தேநீர் முழுவதும் தரைவிரிப்பில் கவிழ்கிறது. தம்பி பதறிப்போய் உள்ளே ஓடி ஒரு துவாலையோடு வருகிறார். அதைக் கையில் வாங்கிய நம் தையல்காரர், தேநீரைத் துடைப்பதை விட்டுவிட்டு, “இந்த ஓரத் தையலை நான் இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டிருக்க வேண்டும், உங்கள் அக்கா படுக்கைத் தலைமாட்டில் விரிக்கக் கேட்டாரே என்று அவசரத்தில் போட்டுக் கொடுத்தேன்” என்று தம் தொழில் குறையைத் தாமே எடுத்துச் சொல்லி வருந்துகிறார். இழவு வீட்டில் போய்த் தையல் கணக்குப் பார்க்கிறாரே இந்த அம்மாள் என்று நாம் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். பூட்டிய அறைக்குள் கிடக்க வேண்டிய துவாலை வெளியே எப்படி வந்தது என்ற கேள்வி, நூறு பக்கங்கள் கழித்து அவரே எடுத்துச் சொல்லும்போதுதான் நமக்கு உறைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு காவல் ஆய்வாளர் இருந்திருந்தால் காட்சியே பிறந்திராது. அவருக்குச் சோதனையிட அதிகாரம் உண்டு. பூட்டை உடைத்துப் பார்த்துவிடுவார். தொழில்முறைத் துப்பறிவாளராக இல்லாத ஒரு பெண்ணுக்கு அதிகாரமும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை, அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் அவர் ஒரு சாக்குச் சொல்லித்தான் நுழைய வேண்டும், சுற்றி வளைத்துத்தான் பேச வேண்டும், வந்த காரியத்தை மறந்துவிட்டவர்போல் நடிக்கவும் வேண்டும். அந்தச் சாக்குகளும் சுற்றுப் பேச்சுகளும்தான் நகைச்சுவை. உண்மை கசிவதும் அவற்றின் வழியாகத்தான். துப்பறிதலுக்கு மேல் பூசிய சர்க்கரையாக இருந்தால் நகைச்சுவையைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்ல முடியும். நல்ல நாவலில் அப்படிச் சுரண்ட முடிவதில்லை.

இதற்கு நீண்ட மரபும் இருக்கிறது. 1897இல் அமெரிக்க எழுத்தாளர் ஆனா காத்தரின் கிரீன் படைத்த அமீலியா பட்டர்வொர்த் என்ற பாத்திரம், தாம் பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பவர் அல்லர் என்று அறிவித்துக்கொண்டே, நள்ளிரவில் பக்கத்து வீட்டு வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டுப் படுக்கையை விட்டு எழுந்து திரையை விலக்கிப் பார்க்கிறார். முதல் வாக்கியத்திலேயே தம்மைத் தாமே பொய்யாக்கிக்கொள்ளும் அந்தப் பெருமிதம் சிரிப்பை வரவழைக்கிறது. அந்த வாக்கியம்தான் அவரை வழக்கின் சாட்சியாகவும் ஆக்குகிறது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1927இல் ஒரு சிறுகதையில் தோன்றி, 1930இல் நாவலுக்குள் வந்தார். கையில் பின்னல் வேலையோடு இருக்கும் அந்த முதியவர், எந்தக் கொலையைக் கேட்டாலும் தம் கிராமத்தில் நடந்த ஏதோ ஓர் அற்பத் திருட்டையோ சில்லறைப் பொய்யையோ நினைவுபடுத்திக்கொண்டு பேசத் தொடங்குவார். சுற்றியிருப்பவர்கள் பொறுமையிழக்கிறார்கள், சில வேளைகளில் நாமும்தான். அந்த அற்பக் கதையில்தான் கொலையாளியின் குணம் ஒளிந்திருக்கும்.

இந்த வகையில் எனக்குப் பிடிக்காத பழக்கங்களும் உண்டு. கதாநாயகியைச் சிரிப்புக்காக முட்டாளாக்குவது அவற்றில் முதலாவது. பாதி நாவல் வரை கூர்மையாகப் பேசிக்கொண்டிருந்தவர், கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் எவரிடமும் சொல்லாமல் இரவு நேரத்தில் பாழடைந்த கிடங்குக்குத் தனியாகப் புறப்பட்டுவிடுவார். அங்கே கொலையாளி காத்திருப்பார். அது எழுத்தாளருக்கு வழி தெரியாமல் போனதன் அடையாளம் என்பது என் முடிவு. சிறிய ஊர் ஒன்றில் ஆண்டுக்கு நான்கு கொலைகள் நடப்பதை மட்டும் நான் கேள்வி கேட்பதில்லை; அதைக் கேட்டால் தொடர் வரிசையே இருக்காது.

சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிப்பது முறையா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இந்த நாவல்களில் பெரும்பாலும் எவருக்கும் பிடிக்காத ஒருவர்தான் முதல் அத்தியாயத்தில் இறக்கிறார், காயமும் இரத்தமும் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தேர்ந்த எழுத்தாளர் எங்கேனும் ஓர் இடத்தில் சிரிப்பை நிறுத்துவார். நான் புனைந்த கதையை எழுதி முடிப்பதாக இருந்தால், யாரும் வாங்க வராத அந்த அக்காவின் கடைசி ரவிக்கை தையல்கடையில் மடித்தபடி கிடப்பதை ஒரு பத்தியில் சொல்வேன். அந்தப் பத்தியில் வேடிக்கை இராது.

இத்தகைய நாவலை இரண்டாம் முறை படிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வாசிப்பு. கொலையாளி யார் என்பது தெரிந்துவிட்டதால் அவசரம் இல்லை. மெய்ப்புத் திருத்தும் பழைய கண்ணோடு, சிரிப்பு வந்த இடங்களில் நின்று நின்று படிக்கலாம். அந்தத் தும்மல் காட்சிக்கு மீண்டும் வாருங்கள். துவாலை இப்போது நம் கண்ணில் படுகிறது, அதில் வியப்பில்லை. ஆனால் பூனையைக் கவனியுங்கள். இரண்டாவது தும்மலிலேயே அது சன்னல் வழியாக ஓடிவிட்டது. அதற்குப் பிறகு நம் தையல்காரர் ஐந்து முறை தும்முகிறார். ஐந்தாவதில் தேநீர் கவிழ்கிறது.

வணக்கம்.