சாயக்கோடு கலைந்த இடம்

எல்லோருக்கும் வணக்கம். நோட்டீஸில் 'பாய்ம இயக்கம்', அதாவது தண்ணீர், காற்று போன்றவை ஓடும் விதம், என்று பெரிய எழுத்தில் போட்டுப் பயமுறுத்தியிருக்கிறார்கள். நாம் போகப்போவது உங்கள் வீட்டு சமையலறைக் குழாய் வரைக்கும்தான்.

குழாயை மெல்லத் திறங்கள். தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி நிற்கும்; ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். இன்னும் கொஞ்சம் திருகினால் கம்பி நெளியும், இரையும். முதலாவது, அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காமல் வழுக்கிச் செல்லும் வரிச்சீர் ஓட்டம். அடுத்தது, எல்லாம் கலந்து கலங்கி ஓடும் சுழற்சி ஓட்டம். இந்த வரையறைக்குப் பரீட்சையில் மார்க் கிடைக்கும். ஒன்று எப்போது மற்றொன்றாக மாறுகிறது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

1883-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் அதைக் கண்ணால் பார்த்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவே மெல்லிய சாயக்கோடு ஒன்றை விட்டார். மெதுவாக ஓடும்வரை கோடு நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. வேகத்தைக் கூட்டக் கூட்ட, ஓரிடத்தில் சட்டென்று கலைந்து குழாய் முழுக்கச் சாயம் பரவியது.

வேகம் மட்டுமே காரணமில்லை. வேகம், குழாயின் விட்டம், அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால், அதாவது ஓட விடாத பிசுபிசுப்பின் அளவால், வகுங்கள். அதுதான் ரெனால்ட்ஸ் எண். ஒரு சென்டிமீட்டர் குழாயில் தண்ணீர் நொடிக்கு 10 சென்டிமீட்டர் போனால் ஏறக்குறைய 1000, சாது. நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் 10,000. சாதாரணக் குழாய்களில் 2000-ஐத் தாண்டியதுமே ஓட்டம் தடுமாறத் தொடங்கும். அந்த 10 சென்டிமீட்டர் வேகத்தில் தேனை விட்டால் 1 கூடத் தேறாது. தேனுக்குக் கோபமே வராது!

டாக்டர் பிரஷர் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் எதைக் கேட்கிறார்? கைப்பட்டை தமனியை நெரிக்கிறது; இடுக்கு வழியே ரத்தம் பீறிட்டுக் கலங்குகிறது. அந்தத் தட்டொலியில் இந்தக் கலக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. பட்டை தளர்ந்து ஓட்டம் சீரானதும் சத்தம் அடங்கிவிடும். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்ன முறை இது.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. தண்ணீரை அசையாமல் வைத்திருந்து வெகு கவனமாகத் திறந்ததால், ரெனால்ட்ஸின் சாயக்கோடு ரெனால்ட்ஸ் எண் 13,000 வரை தாக்குப்பிடித்தது. பின்னாளில் அவருடைய அதே கருவியில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு எட்டவில்லை. மான்செஸ்டர் தெருவில் வண்டிகள் பெருகிவிட்டன. அந்த அதிர்விலேயே கோடு முன்கூட்டிக் கலைந்துவிடுகிறதாம்.