பறித்ததே அதிகம்!

நடுவர் ஐயா அவர்களே, சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர்த் தேக்கா நெரிசலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தொடக்ககால நடிகைகளுக்குத் திரையுலகம் கொடுத்தது அதிகமா, பறித்தது அதிகமா? எதிரணித் தலைவி ஊமைப்பட நட்சத்திரம் சுலோசனாவைச் சாட்சிக்கு அழைத்தார். டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ரூபி மையர்ஸ்தான் இந்தச் சுலோசனா. அவர் பம்பாய் ஆளுநரைவிட அதிகச் சம்பளம் வாங்கியதாகச் சொல்வார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். பேசும்படம் வந்ததும் இந்துஸ்தானி சரளமாக வராமல் அவர் திண்டாடியதையும் அம்மையார் சொல்லியிருக்கலாம். திரைத்துறையின் உயரிய பால்கே விருது கிடைத்ததே என்பார். கிடைத்தது, 1973க்கான விருது. அதற்குள் அவர் துணை வேடங்களுக்கு இறங்கிப் பல காலம் ஆகியிருந்தது.

என் சாட்சி பி.கே. ரோசி. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ ஊமைப்படத்தின் கதாநாயகி. அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் நிலத்தை விற்று எடுத்த படம். பெண்கள் நடிக்கத் தயங்கிய காலம். காக்கரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் ஆடிக்கொண்டிருந்த ரோசி துணிந்து வந்தார். அவர் ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்தவர். கிடைத்த வேடமோ மேல்சாதி எனப்பட்ட நாயர் குடும்பத்துப் பெண்.

நம் ஊரில் ஒரு கதாநாயகி முதல் நாள் காட்சிக்கு வந்தால் சிராங்கூன் சாலையே கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் நடந்தது வேறு. ரோசி வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதாகக் கூறுகிறார்கள். தன் முதல் படத்தின் தொடக்கக் காட்சிக்கு அவருக்கே இடமில்லை! நாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை முத்தமிடும் காட்சி வந்ததும், இந்தப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திரையில் கல் விழுந்தது. பூவுக்குக்கூடச் சாதி பார்த்திருக்கிறார்கள், நடுவர் ஐயா.

அப்புறம் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள் என்றும், தமிழ்நாட்டுப் பக்கம் போன லாரியில் ஏறித் தப்பினார் என்றும் சொல்கிறார்கள். லாரி ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்தாராம். நடித்த கதையைப் பிள்ளைகளிடம்கூட அதிகம் பேசவில்லையாம்.

‘சாதி வெறியர்கள் செய்ததற்குத் திரையுலகம் என்ன செய்யும்?’ என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்விதான். டேனியலும் அந்தப் படத்தால் நொடித்துப்போனவர்தான். ஆனால் கேரள அரசு 1992 முதல் அவர் பெயரில் திரைத்துறைக்கான உயரிய விருதைக் கொடுத்துவருகிறது. ரோசியை எத்தனை காலம் யார் தேடினார்கள்? படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

அடுத்து வரும் நண்பர், 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் ரோசியை வரைந்து கொண்டாடியதைச் சொல்வார். தாராளமாகச் சொல்லட்டும். முதலில் ரோசி நடித்த இரண்டாவது படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு சொல்லட்டும். வணக்கம்.