மனைப்பிரிவு வரைபடத்தில் விலைக்கு வராத நிலம்

[திரையில்: மனைப்பிரிவு வரைபடம் ஒன்று. மனைகளில் எண்கள். நடுவே பச்சை நிறத்தில் ஒரு கட்டம்.]

வணக்கம். திரையில் இருப்பது ஒரு மனைப்பிரிவு வரைபடம். லேஅவுட் என்று நாம் சொல்வது இதைத்தான். மனை வாங்கப் போகிறவர் இதைக் கையில் வாங்கியதும் தன் மனை எண்ணைத்தான் தேடுவார். கிழக்குப் பார்த்ததா, மூலை மனையா, எத்தனை சதுர அடி என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

இன்றைக்கு அந்த எண்களை விட்டுவிடுவோம். எண் இல்லாத இடங்களைப் பாருங்கள். சாலைகள், இந்தப் பச்சைக் கட்டம், ஓரத்தில் இருக்கும் இரண்டு சின்னத் துண்டுகள். தமிழ்நாட்டில் ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது அரசு அதிகம் கவலைப்படுவது இந்த இடங்களைப் பற்றித்தான். வாங்குகிறவர்களும் கவலைப்பட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வீடியோ.

[திரையில்: வயல்வெளி. மெல்ல அதன் மேல் கோடுகள் விழுகின்றன.]

முதலில், யார் அனுமதி கொடுக்கிறார்கள்? சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். மற்ற பகுதிகளில் டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம். அடிப்படைச் சட்டம் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். சாலை எவ்வளவு அகலம், பூங்காவுக்கு எவ்வளவு நிலம் என்பதையெல்லாம் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன.

இந்த அலுவலகங்கள் தருவது தொழில்நுட்ப அனுமதி. அதன் பிறகு மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ இறுதி அனுமதி தர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அனுமதி முழுமையாகிறது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொழில்நுட்ப அனுமதி இல்லாமல் ஊராட்சியின் முத்திரை மட்டும் உள்ள வரைபடத்தை அனுமதி பெற்ற மனைப்பிரிவாகக் கருத முடியாது.

[திரையில்: நில அளவை வரைபடம். அதில் ஒரு வாய்க்கால் நீல நிறத்தில் ஒளிர்கிறது.]

விண்ணப்பத்தோடு பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் எஃப்எம்பி எனப்படும் புலப்பட நகல் எல்லாம் போகும். நஞ்சை நிலமாக இருந்தால், அதை வீட்டுமனையாக்க ஆட்சேபணை இல்லை என்று மாவட்ட ஆட்சியர் தரப்பில் சொல்ல வேண்டும். தண்ணீர் சம்பந்தப்பட்ட இடம் என்றால் நீர்வளத் துறையிடமும் கேட்பார்கள். இந்த நிலத்தில் வெள்ளம் நிற்குமா, எந்த மட்டம் வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை போடுவார்கள்.

இது வெறும் சடங்கு இல்லை. வயலாக இருந்தவரை அந்த நிலம் மழைநீரை வாங்கி, தேக்கி, அடுத்த வயலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மனை போட்டதும் அந்த வேலை நின்றுவிடும். ஆனால் மேலேயிருந்து வரும் தண்ணீர் நிற்காது. 2015 டிசம்பரில் சென்னைப் புறநகரில் உள்ள முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, சேமிப்பையெல்லாம் போட்டு வீடு கட்டிய குடும்பங்கள் படகில் ஏறி வெளியே வர வேண்டியிருந்தது. ஆகவே வரைபடத்தில் வாய்க்கால் ஒன்று இருந்தால், அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள். நேரில் நடந்து போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

[திரையில்: பச்சைக் கட்டம் பெரிதாகிறது. மேலே எழுத்து: ஓஎஸ்ஆர்.]

சரி, இப்போது பச்சைக் கட்டத்துக்கு வருவோம். இதற்குப் பெயர் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம். பேச்சில் ஓஎஸ்ஆர். பூங்கா, விளையாட்டுத் திடல் என்று எல்லோருக்கும் பொதுவாக விட வேண்டிய இடம்.

விதி இப்படி இருக்கிறது. மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் இந்த ஒதுக்கீடு தேவையில்லை. 3,000 முதல் 10,000 வரை என்றால், சாலை போக மீதமுள்ள நிலத்தில் 10 சதவீதத்தை விட வேண்டும், அல்லது அதற்கு ஈடான தொகையைக் கட்டிவிடலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்க வழி கிடையாது. நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்.

[திரையில்: கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றுகிறது.]

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 20,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 5 ஏக்கர். சாலைகளுக்கு 30 சதவீதம் போனதாக வைத்துக்கொள்வோம், அது 6,000. மீதி 14,000. அதில் 10 சதவீதம் 1,400 சதுர மீட்டர். சதுர அடியில் 15,000க்கும் மேல், அதாவது 6 கிரவுண்டுக்குக் கொஞ்சம் அதிகம். பிள்ளைகள் ஓடி விளையாட, பெரியவர்கள் மாலையில் நடக்க, நாலு மரம் வைக்க இது தாராளமான இடம்.

ஓரத்தில் இருந்த இரண்டு சின்னத் துண்டுகளும் பொதுத் தேவைக்கானவை. அரை சதவீதம் மின்வாரியத்துக்கு, அரை சதவீதம் உள்ளாட்சிக்கு. மின்மாற்றி வைக்கவும் தண்ணீர்த் தொட்டி கட்டவும் இடம் வேண்டும் அல்லவா? இந்த அளவு மனைப்பிரிவில் இன்னொரு 10 சதவீதம், பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான சிறு மனைகளாகப் பிரிக்கப்பட வேண்டும். அவை விற்கப்படும் மனைகள்தான், ஆனால் அந்தப் பிரிவினருக்கு மட்டும்.

இந்த 3,000, 10,000 என்ற எல்லைகளால் ஒரு சங்கடம் உண்டு. ஒரே பெரிய நிலத்தை அடுத்தடுத்த சிறு துண்டுகளாகக் காட்டித் தனித்தனியே அனுமதி வாங்கினால், ஒவ்வொரு துண்டும் எல்லைக்குக் கீழே நின்றுவிடும். கடைசியில் நூற்றுக்கணக்கான வீடுகள் வரும், ஒரு பூங்கா வராது. இதை நான் பெரிய அநியாயமாகவே பார்க்கிறேன். பக்கத்து மனைப்பிரிவும் அதே பெயரில் 'பகுதி 2', 'பகுதி 3' என்று போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொது இடம் எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இப்படி நிலத்தை இலவசமாக வாங்கிக்கொள்வது சரியா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் இந்த விதி செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் தன் நிலத்தைத் துண்டு போட்டு விற்று லாபம் பார்க்கும்போது, அங்கே குடிவரும் மக்களுக்கு மூச்சுவிட இடம் விடச் சொல்வது நியாயம்தான் என்பது என் கருத்தும்.

[திரையில்: பத்திரத் தாள். தலைப்பு: தானப் பத்திரம்.]

இப்போது முக்கியமான கட்டம். சாலைகளும் பூங்காவும் வரைபடத்தில் கோடாக இருந்தால் போதாது. உரிமையாளர் அவற்றைத் தானப் பத்திரம் எழுதி, பதிவு செய்து, உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த நிமிடம் முதல் அந்த நிலம் தனியார் சொத்து இல்லை. பொதுச்சொத்து.

சிக்கல் பெரும்பாலும் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். யாரும் வேலி போடவில்லை, பலகை வைக்கவில்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து வாரிசுகள் வருவாய்ப் பதிவேட்டைப் பார்த்து, 'இது எங்கள் நிலம்' என்று வந்து நிற்பார்கள். சில இடங்களில் அதை விற்றும் விடுவார்கள். வாங்கியவர் கட்டுமானம் தொடங்கும்போதுதான் குடியிருப்பவர்களுக்கே தெரியவரும். பிறகு வழக்கு, இடைக்காலத் தடை என்று வருடங்கள் ஓடும். அனுமதி என்ற காரியத்தில் மிகவும் அலட்சியமாக விடப்படுவது இந்தப் பட்டா மாறுதல்தான்.

[திரையில்: ஆண்டு 2016.]

அனுமதியே இல்லாத மனைகள் என்ன ஆகின? 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியற்ற மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதைத் தடுத்தது. ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவான மனைக்கு மட்டும் விலக்கு உண்டு. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று மனை வாங்கிப் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் அப்போது திகைத்துப் போய் நின்றன.

2017இல் வரன்முறைத் திட்டம், அதாவது அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை வாங்க அது வழி செய்தது. நீர்நிலை, அரசு நிலம், பொது ஒதுக்கீட்டு நிலம் ஆகியவற்றில் போட்ட மனைகளுக்கு அது பொருந்தாது. அந்தக் குடும்பங்களுக்கு இது தேவையான நிவாரணம். ஆனால் வரன்முறைக் கட்டணத்தில் ஓஎஸ்ஆர் தொகையும் ஒரு பகுதி. பூங்காவுக்கு விட வேண்டிய நிலம் விற்றுப்போய்விட்டதால் பணமாக வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பணத்தால் அதே தெருவில் ஒரு திடலை உண்டாக்க முடியாது, ஏனென்றால் அங்கே இடமே மிச்சமில்லை. சாலை அகலமும் அப்படித்தான். குறுகலாகப் போட்ட தெருவில் தீயணைப்பு வண்டி நுழையாது என்றால், எவ்வளவு கட்டணம் கட்டினாலும் நுழையாது. இதையெல்லாம் மனை விற்பனைக்கு முன்பே முடிவு செய்தால்தான் உண்டு.

[திரையில்: விளம்பரப் பலகை: 'டிடிசிபி மற்றும் ரெரா அப்ரூவ்டு'.]

பலகைகளில் இப்படி எழுதியிருப்பார்கள். ரெரா என்பது மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம். அது மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அமைப்பு இல்லை. 500 சதுர மீட்டரைத் தாண்டிய திட்டங்கள் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் முன் அங்கே பதிவு செய்யப்பட வேண்டும், வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். வாங்குகிறவருக்கு இது நல்ல பாதுகாப்பு. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுத் திட்ட விவரங்களைப் பார்க்கலாம்.

அங்கே கிடைக்கும் வரைபடத்தையும், விற்பவர் கொடுத்த வண்ண அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுமதி எண் ஒன்றாக இருக்கிறதா, பச்சைக் கட்டம் அதே இடத்தில் அதே அளவில் இருக்கிறதா, வண்ண அச்சில் அது கடை மனையாக மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

[திரையில்: வில்லங்கச் சான்று விண்ணப்பப் பக்கம்.]

அப்புறம், உங்கள் மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போது பூங்கா இருக்கும் சர்வே எண்ணுக்கும் சேர்த்துப் போடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வரும். வராவிட்டால் முன்பணம் கொடுக்கும் முன் காரணம் கேளுங்கள். பதிவாகியிருந்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களுக்கும் வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சியிடம் அனுமதி வரைபட நகலும் தானப் பத்திர எண்ணும் கேட்டு வாங்கலாம். பட்டா மாறாமல் இருந்தால், மாற்றி, வேலி போட்டு, பலகை வைக்கச் சொல்லித் தெருவாசிகள் சேர்ந்து மனு கொடுக்கலாம். ஊராட்சிப் பகுதி என்றால் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். அங்கே இதைத் தீர்மானமாக முன்வையுங்கள். கூட்டம் முடிந்து கிளம்புவதற்குள் தீர்மானப் புத்தகத்தில் சர்வே எண்ணோடு எழுதியிருக்கிறார்களா என்று வாங்கிப் படித்துப் பாருங்கள்.