நெத்திலிப் பொடி அரைக்கும் பள்ளிக்கூடம்

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்து அரசுப் பள்ளியில் நிற்கிறேன். ஆசிரியைகள், சத்துணவுக்கூடத்து அக்காக்கள், மாணவிகளின் அம்மாக்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள். இரத்தசோகை வராமல் தடுக்க உள்ளூர் மீனைப் பக்குவப்படுத்தும் பயிற்சி இது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். இவ்வளவு மீன் கரையேறும் மாநிலத்தில் இந்த நிலை! விலைபோகும் மீன் ஏலத்தில் போய்விடுகிறது. பொடிமீன் கோழித் தீவனத்துக்குப் போகிறது. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பல பயிற்சிகளில் சீலா மீனில் கட்லெட் செய்யச் சொல்லித் தருகிறார்கள். ருசிதான், ஆனால் வெள்ளைச் சதையில் இரத்தம் ஊறத் தேவையான இரும்புச்சத்து குறைவு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, சாளை, அதைவிட மேலாக மட்டி, சிப்பி, இவற்றைத்தான் பிள்ளைகள் தட்டில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இதோ, அருகில் காட்டுகிறேன். நெத்திலியை மணலில் பரப்பவில்லை, இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிக் காயவைக்கிறார்கள், மேலே ஈ மொய்க்காமல் இன்னொரு வலை. இந்த நெத்திலியை வளைத்துப் பாருங்கள், பட்டென்று ஒடிகிறது. வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூசணம் பிடித்துவிடும். ஒடியும் பதம் வந்ததும் வெறும் சட்டியில் சிறுதீயில் வறுத்து, மிளகாய் வற்றல், பூண்டு, கறிவேப்பிலை சேர்த்து அரைக்கிறார்கள். உப்பைக் குறைவாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள், அதுதான் சரி.

சூடான சோற்றில் ஒரு கரண்டி பொடி, மேலே எலுமிச்சைச் சாறு. மீன் இரும்பு எளிதில் உடம்பில் சேரும். கூடவே கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பையும் சேரவைக்கும். எலுமிச்சையும் அதற்கு உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதி வீண். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

அம்மாக்களே, பொடி இருக்கிறதே என்று பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குடற்புழு மாத்திரையும் அப்படித்தான். புழு இருந்தால் சாப்பிட்டது தங்காது. ஏற்கெனவே இரத்தம் குறைந்த பிள்ளையைப் பொடி மட்டும் தேற்றாது, டாக்டரிடம் காட்டுங்கள். மீன் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இது வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வீட்டில் மீன் அருகிப்போகும் அந்த மாதங்களுக்குத்தான் இந்தப் பொடி. ஆகவே தடைக்காலம் தொடங்குமுன்பே காயவைத்து, ஈரம்படாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துவிடுங்கள்.